இறாலுக்குச் சாயம் போட்டவர் யார்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு சிறிய விசாரணை நடந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றது அரைக் கிலோ இறால்.

நான் குடியிருப்பது ராயபுரத்தில். ஞாயிறு காலையில் பையை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்கு நடந்து போய் மீன் வாங்கி வருவது என் நெடுநாளைய வழக்கம். இறால் பழையதோ என்று நான் முகத்தைச் சுளித்தால், வழக்கமாக விற்கும் அம்மாள், "ஐயா, இப்பத்தான் கண்ணை மூடிச்சு. சந்தேகமா இருந்தா எழுப்பிக் கேளுங்க!" என்பாள். அதற்கு மேல் பேரம் பேச எனக்குத் துணிச்சல் ஏது?

வாங்கி வந்த இறால் சாம்பல் பூத்த பச்சை நிறத்தில் இருந்தது. என் பேத்திக்கு எட்டு வயது. அவள் அடுப்பங்கரையில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டி சூடேறியது. இறால் சுருண்டது. சாம்பல் நிறம் போன இடம் தெரியவில்லை. குங்குமத்தைப் பூசியதுபோல் சிவந்துவிட்டது.

"பாட்டி, மிளகாய்த்தூள் போட்டுட்டியா?"

"இன்னும் உப்பே போடலையே, கண்ணு!"

"அப்போ சிவப்பு எங்கேருந்து வந்தது?"

"தாத்தாவைக் கேளு. வாரா வாரம் ஊருக்கெல்லாம் எழுதறாரே, உனக்குச் சொல்ல மாட்டாரா?"

இப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன். அன்று அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து, இந்த வாரம் வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். விஷயம் சட்டியில் தொடங்கினாலும், கடைசியில் குழந்தைகளின் கண்ணில் போய் முடிகிறது. ஆகவே, வீட்டில் சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள் பாதியில் தொடர்கதைக்குப் போய்விட வேண்டாம்.

சட்டியில் வந்த சிவப்பு, சட்டியில் பிறந்த சிவப்பு அல்ல. கடலில் நீந்திக்கொண்டிருந்தபோதே அது இறாலின் உடம்பில் இருந்தது. அதற்கு அஸ்டாக்ஸாந்தின் என்று பெயர். உயிரோடு இருக்கும்போது ஒரு புரதம் அந்தச் சாயத்தைக் கைக்குள் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பிடியில் சாயத்தின் வடிவம் சற்றே நெளிவதால் நிறமும் மாறி, நீலமாகவோ சாம்பலாகவோ தோன்றுகிறது. சிங்கி இறாலின் ஓட்டில் உள்ள இத்தகைய புரதத்தின் அமைப்பை 2002ல் விஞ்ஞானிகள் படமாகவே காட்டிவிட்டார்கள். சட்டியில் சூடு பட்டதும் புரதம் உருக்குலைகிறது, பிடி தளர்கிறது, சாயம் தன் சொந்த நிறத்தைக் காட்டுகிறது. அவ்வளவுதான்.

"அப்போ அந்தச் சாயத்தை இறால்தான் பண்ணிச்சா?" என்றாள் பேத்தி.

இது நல்ல கேள்வி. இல்லை என்பதுதான் பதில். இறாலுக்கு அதை முதலிலிருந்து செய்யத் தெரியாது. பாசி செய்து வைத்த ஆரஞ்சு நிறப் பொருளைத் தின்று, அதன்மேல் கொஞ்சம் பிராணவாயுவைச் சேர்த்து மெருகேற்றத்தான் தெரியும். துணியை நெய்தவர் வேறு. கரை வைத்துத் தைத்தவர்தான் இறால். பண்ணையில் வளர்க்கும் இறாலுக்கு இந்தச் சாயம் உள்ள தீனி போடாவிட்டால், வேகவைத்த பிறகும் வெளிறித்தான் இருக்கும்.

எங்கள் வட சென்னைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே அத்திப்பட்டு, வல்லூர் பக்கமெல்லாம் உப்பளங்கள் பரந்து கிடந்த காலம் உண்டு. உப்பளத்துக்காரர்களுக்குத் தெரியும்: பாத்தியில் தண்ணீர் சுண்டச் சுண்ட, உப்பு விளையும் சமயத்தில், சில பாத்திகள் ரோஜா நிறமாகிவிடும். உப்பு கரித்துக் கொட்டும் அந்தத் தண்ணீரில் மீன் வாழாது, புழு வாழாது. ஆனால் டுனாலியெல்லா என்ற ஒற்றைச் செல் பாசி வாழும். டூனல் என்பவர் 1838ல் பிரான்ஸ் நாட்டு உப்பளத்தில் இதைப் பார்த்துச் சொன்னார்; 1905ல் அவர் பெயரையே இதற்கு வைத்தார்கள். வெயிலும் உப்பும் ஏறினால் இந்தப் பாசி தன் உடம்பின் உலர்ந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரை பீட்டா கரோட்டீன் என்ற சாயத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கேரட்டுக்கு நிறம் கொடுப்பது எதுவோ, அதுவேதான்.

இன்னும் வடக்கே போனால் பழவேற்காடு. குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் வந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ரோஜா நிறமும் அதற்குச் சொந்தமில்லை. பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம். பாசியையும், பாசி தின்ற சின்னஞ்சிறு கூனிகளையும் சேற்றுத் தண்ணீரில் வடிகட்டித் தின்று தின்றுதான் அது வண்ணப் பறவை ஆகிறது. மிருகக்காட்சிசாலையில் அடைத்துச் சாதாரணத் தீனி போட்டால், சில காலத்தில் சலவைக்குப் போட்ட சேலை மாதிரி வெளுத்துவிடும். அதனால் அங்கே தீனியில் சாயத்தைக் கலந்து கொடுக்கிறார்கள்.

ஆக, இறாலும் பூநாரையும் கடன்காரர்கள். கடன் கொடுத்தவர் பாசி. அந்தப் பாசிக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது? அதுதான் கதை.

முதலில் அந்தத் தொழிற்சாலையைப் பார்த்துவிடுவோம். எங்கள் ராயபுரம் ரயில் நிலையம் 1856ல் திறந்தது. தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்த யார்டில் வண்டி கோப்பதைப் பார்த்தவர்களுக்குப் பாசியின் வேலை உடனே விளங்கும். இருபது கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு சங்கிலி. அதே மாதிரி இன்னொன்று. முதல் தொழிலாளி இரண்டையும் முனையோடு முனை கோத்து, நாற்பது கார்பன் கொண்ட நீண்ட வண்டியாக்கிவிடுகிறான். இந்த வண்டிக்கு நிறமே கிடையாது. இரண்டாவது தொழிலாளி அந்தச் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் அணுக்களைப் படிப்படியாகக் கழற்றுகிறான். ஒவ்வொரு படியிலும் அது ஒளியை அதிகமாக விழுங்கத் தொடங்குகிறது. கடைசியில் நல்ல சிவப்பாகிறது. அதுதான் லைக்கோப்பீன், தக்காளியின் சிவப்பு. மூன்றாவது ஆள் இரண்டு நுனியையும் வளைத்து வளையம் போடுகிறான். உடனே அது பீட்டா கரோட்டீன். கேரட், மாம்பழம், பப்பாளியின் நிறம். இதற்குமேல் பிராணவாயுவைச் சேர்த்தால் இறாலின் சிவப்பு முதலாக வகை வகையாகப் பிறக்கும். இந்தக் குடும்பத்துக்கு மொத்தமாகக் கரோட்டினாய்டு என்று பெயர்.

நான் தொழிலாளி என்று சொன்னவை நொதிகள். ஒவ்வொரு நொதியையும் எப்படிச் செய்வது என்று எழுதி வைத்த குறிப்புத்தான் ஜீன்; மரபணு என்று இப்போது பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கிறார்கள். பாட்டி எழுதி வைத்த ஊறுகாய்க் குறிப்பு அம்மாவுக்கு வந்து, அம்மாவிடமிருந்து மகளுக்கு வருகிறதல்லவா? கைமாறும்போது ஓர் எழுத்துத் தப்பும். ஒரு வரி புதிதாகச் சேரும். பல வீடுகளின் குறிப்பேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எந்த வீடு எந்த வீட்டிலிருந்து பிரிந்தது என்று சொல்லிவிடலாம். விஞ்ஞானிகள் பாக்டீரியா, பாசி, செடி ஆகியவற்றின் ஜீன்களை இப்படித்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

ஒப்பிட்டால் தெரிவது, இந்தக் குறிப்பு மிக மிகப் பழையது என்பது. ஆஸ்திரேலியாவின் வட பகுதியில் 164 கோடி ஆண்டு வயதான பாறையிலிருந்து இத்தகைய சாயத்தின் எச்சத்தை எடுத்ததாக 2005ல் அறிவித்தார்கள். அப்போது பூமியில் செடியும் இல்லை, பூச்சியும் இல்லை. சாயம் போட்டவை பாக்டீரியாக்கள்.

கண்ணே இல்லாத உலகத்தில் யார் பார்க்க இந்த அலங்காரம்? இது அலங்காரம் அல்ல. உயிர் காக்கும் கவசம். இதைக் காட்டிய சோதனை 1955ல் நடந்தது. ஸ்டேனியர் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் சூரிய ஒளியைக் கொண்டு வாழும் ஒருவகைப் பாக்டீரியாவை எடுத்துக்கொண்டார்கள். அதில் வண்ணக் கரோட்டினாய்டு செய்யத் தெரியாத ஒரு குறைப்பிறவியும் அவர்களிடம் இருந்தது. வெளிச்சத்தில், காற்றில்லாமல் வைத்தார்கள். குறைப்பிறவி சுகமாக வளர்ந்தது. இருட்டில், காற்றோடு வைத்தார்கள். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. வெளிச்சமும் காற்றும் சேர்ந்து பட்டபோது செத்துப் போய்விட்டது! சாயம் உள்ள உடன்பிறப்போ அசையவில்லை.

காரணம் இதுதான். வெளிச்சத்தைப் பிடிக்கும் பச்சையம், வாங்கிய சக்தியைச் சில வேளை அருகிலுள்ள பிராணவாயுவிடம் கொடுத்துவிடும். அப்போது அந்தப் பிராணவாயு வெறி பிடித்ததுபோல் ஆகி, கண்ணில் பட்டதையெல்லாம் எரிக்கும். கரோட்டினாய்டு பக்கத்தில் நின்று அந்தச் சக்தியைத் தான் வாங்கிச் சாந்தமாகச் சூடாக விட்டுவிடுகிறது. வெல்டிங் பட்டறையில் முகமூடி போடுகிறார்களே, அந்த மாதிரி. வெயிலில் வேலை செய்யும் எந்தப் பாசிக்கும் எந்த இலைக்கும் இந்த முகமூடி இல்லாமல் ஒரு பகல்கூடத் தாங்காது.

பிராணவாயுவை உலகத்துக்கு முதலில் அள்ளிக் கொடுத்தவை நீலப்பச்சைப் பாசிகள். பெயர்தான் பாசி, உண்மையில் பாக்டீரியாக் குலம். அவற்றின் வேலையால் ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் பிராணவாயு சேரத் தொடங்கியது. தான் கொளுத்திய அடுப்பில் தானே வெந்துபோகாமல் இருக்க, அவற்றுக்கு முகமூடி மிகவும் அவசியமாயிற்று. இந்தக் குலத்தைப் பற்றிச் சென்னைக்காரர்கள் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொள்ளலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம். ஓ. பி. அய்யங்கார் பாசி ஆராய்ச்சிக்கு ஒரு பெரிய பள்ளியையே உண்டாக்கினார். அவர் வழியில் வந்த டி. வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959ல் வெளியிட்ட கனத்த நூல் உலகம் முழுவதும் ஆராய்ச்சியாளர் மேஜையில் இடம் பிடித்தது.

இனி ஒரு விழுங்கல் கதை. நூறு கோடி ஆண்டுக்கும் முன்னால், பெரிய செல் ஒன்று நீலப்பச்சைப் பாசி ஒன்றை விழுங்கியது. விழுங்கியது ஜீரணமாகவில்லை! உள்ளேயே குடித்தனம் போட்டு, வீட்டுக்காரருக்குச் சமைத்துப் போடத் தொடங்கிவிட்டது. இன்று ஒவ்வொரு பச்சை இலையிலும் இருக்கும் பசுங்கணிகம் அந்தக் குடித்தனக்காரரின் வாரிசு. பாசிகளும் செடிகளும் இந்தக் கூட்டுக் குடும்பத்திலிருந்து வந்தவையே.

காலப் போக்கில் ஒரு விசித்திரம் நடந்தது. குடித்தனக்காரரின் குறிப்பேட்டுப் பக்கங்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்காரரின் இரும்புப் பெட்டிக்கு, அதாவது செல்லின் உட்கருவுக்கு, மாறிவிட்டன. சாயம் போடும் ஜீன்களும் அப்படியே. ஆனால் சாயப் பட்டறை மட்டும் பழைய இடத்திலேயே, பசுங்கணிகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே செடி அந்த நொதிகளை வெளியே செய்து, ஒவ்வொன்றுக்கும் விலாசச் சீட்டு ஒட்டி உள்ளே அனுப்புகிறது. எங்கள் துறைமுகத்துச் சரக்குப் பெட்டி மாதிரிதான். பெட்டி போய்ச் சேர்ந்ததும் சீட்டைக் கிழித்துவிடுகிறார்கள்.

பரம்பரைச் சொத்து கைமாறும்போது பழைய ஓலைகளில் சில சங்கதிகள் அகப்படும் அல்லவா? இங்கேயும் ஒன்று அகப்பட்டது. ஹைட்ரஜனைக் கழற்றும் இரண்டாவது வேலையைப் பல பாக்டீரியாக்களில் ஒரே ஒரு நொதி முடித்துவிடுகிறது. செடிகளிலும் பெரும்பாலான நீலப்பச்சைப் பாசிகளிலும் அதே வேலைக்கு நான்கு நொதிகள் வேண்டும். ஆனால் நீலப்பச்சைப் பாசிகளில் மிகப் பழைய கிளையைச் சேர்ந்த குளோயோபாக்டர் என்பது இன்னும் அந்த ஒற்றை ஆளை வைத்தே காலம் தள்ளுகிறது என்று 2005ல் கண்டார்கள். ஆதியில் எல்லோர் வீட்டிலும் ஒற்றை ஆள்தான் இருந்திருக்க வேண்டும், நால்வர் கோஷ்டி பிறகு வந்தது என்று ஊகிக்க இது இடம் தருகிறது.

செடிகள் பழைய சொத்தை வைத்துப் புது வியாபாரமும் செய்தன. ஒரு குறிப்பைப் பிரதி எடுத்தால் மூலம் பத்திரமாக இருக்கும், பிரதியில் விளையாடலாம். நுனியை வளைத்து வளையம் போடும் ஜீனின் ஒரு பிரதி மிளகாய்க் குடும்பத்தில் மெல்ல மாறி, வேறொரு வேலையைக் கற்றுக்கொண்டது. மிளகாய்ப் பழத்தின் அந்தச் சிவப்பு அதனால் வந்தது. இலையில் வெயிலுக்குக் குடை பிடித்த சாயம், பூவிலும் பழத்திலும் வண்டையும் கிளியையும் கூப்பிடும் விளம்பரப் பலகை ஆயிற்று. இலையிலே மட்டும் அது பச்சையத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறது. முருங்கை இலை பழுத்து மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்களே! மஞ்சள் புதிதாக வந்ததல்ல. பச்சை விலகியதும் ஒளிந்திருந்தது தெரிகிறது.

இவ்வளவு சொத்திலும் பிராணிகளுக்குப் பங்கு இல்லை. சிங்கத்துக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. பாசியையோ செடியையோ தின்றாக வேண்டும். அல்லது அதைத் தின்றதைத் தின்றாக வேண்டும். இந்த விதிக்கு விலக்கே இல்லை என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தார்கள். 2010ல் நான்சி மோரன் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் டைலர் ஜார்விக்கும் ஒரு திருட்டைக் கண்டுபிடித்தார்கள். அவரைக் கொடியில் மொய்க்கும் அசுவினிப் பூச்சி தெரியுமல்லவா? அதன் இனத்தில் பட்டாணிச் செடியை அண்டி வாழும் ஒன்று, என்றோ ஒரு காலத்தில் பூஞ்சைக் காளானின் சாய ஜீன்களைத் தன் உட்கருவில் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது. சிவப்பு அசுவினி, பச்சை அசுவினி என்று இரண்டு வகை இருப்பது அதனால்தான். பூச்சிக்குக் கிட்டிய அந்த அதிர்ஷ்டம் நமக்குக் கிட்டவில்லை.

"கிட்டாவிட்டால் போகிறது, நமக்கு என்ன சாயமா அடிக்கப் போகிறோம்?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் என் தம்பியின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஐம்பதுகளின் பிற்பகுதி. நாங்கள் அப்போது திருவொற்றியூரில் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. ஆறு பிள்ளைகள். சோறு இருக்கும், ரசம் இருக்கும், அதற்குமேல் மாதக் கடைசியில் ஒன்றும் இருக்காது. தம்பிக்கு நாலு வயது. பகலெல்லாம் பம்பரம் மாதிரி சுற்றுவான். விளக்கு வைக்கிற நேரம் வந்தால் சுவரைத் தடவிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவான். சோம்பல் என்று நினைத்தோம். ஒரு நாள் அந்தி நேரத்தில் வாசற்படியில் இருந்த குடத்தின் மேலேயே நடந்து விழுந்து, நெற்றியைப் பிளந்துகொண்டான். குடம் தெரியவில்லையாடா என்று அம்மா அதட்டினாள். "எந்தக் குடம்?" என்று கேட்டான். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இன்றைக்கும் அந்தக் கேள்வி காதில் ஒலிக்கிறது.

பாட்டிதான் பெயரைச் சொன்னாள்: மாலைக்கண். ஆட்டு ஈரலும் முருங்கைக் கீரையும் கொடு என்றாள். அப்பா டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் பாட்டியின் வைத்தியத்தை மறுக்கவில்லை. கூடவே சுறா ஈரல் எண்ணெய் கொடுத்தார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது வெளிநாட்டுக் காட் மீன் எண்ணெய் வரத்து நின்றுபோனதும், அன்றைய சென்னை ராஜதானியில் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். அந்த வாசனையை வர்ணிக்க எனக்குத் தமிழ் போதாது. தம்பியின் மூக்கைப் பிடிக்கும் உத்தியோகம் என்னுடையது. சில வாரங்களில் அவன் விளக்கு வைத்த பிறகும் தெருவில் ஓடத் தொடங்கினான்.

அன்றைக்கு நடந்தது என்ன என்று பல வருஷம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பீட்டா கரோட்டீன் என்ற நாற்பது கார்பன் வண்டியை நம் உடம்பு நடுவில் வெட்டி இரண்டாக்குகிறது. ஒவ்வொரு பாதியும் வைட்டமின் ஏ. கரோட்டீன் உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது என்பதை 1930ல் தாமஸ் மூர் எலிகளில் காட்டினார். அது விழித்திரையில் இருக்கிறது என்பதை 1933ல் ஜார்ஜ் வால்ட் கண்டார். அவருக்கு 1967ல் நோபல் பரிசு. விழித்திரையில் அது ஒரு புரதத்தின் மடியில் உட்கார்ந்திருக்கும். ஒளி பட்டதும் நிமிரும். அந்த நிமிர்வுதான் நமக்குப் 'பார்வை'. மங்கல் வெளிச்சத்தில் பார்க்கும் பகுதிக்கு இது குறைந்தால், முதலில் மாலைக்கண். கவனிக்காமல் விட்டால் கருவிழி உலர்ந்து, கடைசியில் நிரந்தர இருட்டு. சுறாவின் ஈரலில் இருந்த வைட்டமினும் சுறா செய்ததல்ல. கடற்பாசியைத் தின்ற சிறு பிராணி, அதைத் தின்ற மீன், அதைத் தின்ற சுறா என்று கைமாறி வந்த சரக்குத்தான் அது.

இன்னொரு வியப்பு கேளுங்கள். ரோஜா நிறமான உப்புப் பாத்திகளைச் சொன்னேனே, அங்கே டுனாலியெல்லாவோடு கூட, பாக்டீரியாவைப் போன்ற ஒரு நுண்ணுயிரும் வாழ்கிறது. அதற்குக் கண் கிடையாது. ஆனால் அதன் மேற்தோலில், நம் விழித்திரையில் இருக்கும் அதே அரை வண்டி, ஒரு புரதத்தின் மடியில் உட்கார்ந்து வெயிலைப் பிடிக்கிறது. அதைக் கொண்டு அது தன் உயிர்ச் சக்தியைத் தேடிக்கொள்கிறது. 1971ல் இது தெரியவந்தது. பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்து 1968ல் நோபல் பரிசு பெற்ற ஹர்கோவிந்த் குரானா தம் பிற்கால உழைப்பில் பெரும் பகுதியை இந்தப் புரதத்துக்கே கொடுத்தார். என் தம்பி குடத்தைப் பார்க்க எது தேவைப்பட்டதோ, அதுவே எண்ணூர் உப்பளத்துத் தண்ணீரில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது!

கண் மட்டும் அல்ல, உயிரும் இதில் அடங்கியிருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்களும் அமெரிக்கக் கூட்டாளிகளும் திருச்சி மாவட்டத்தில் 15,000க்கு மேற்பட்ட சிறு குழந்தைகளை ஒரு வருஷம் கவனித்தார்கள். ஒரு பாதிக் குழந்தைகளுக்கு வாரா வாரம் கொஞ்சம் வைட்டமின் ஏ. மற்ற பாதிக்கு அது இல்லாத சொட்டு மருந்து. 1990ல் முடிவு வெளியாயிற்று. வைட்டமின் பெற்ற குழந்தைகளில் சாவு 54 சதவிகிதம் குறைந்திருந்தது. நம் அரசாங்கம் 1970லிருந்தே குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுக்கும் திட்டத்தை நடத்தி வருகிறது. இப்போது ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கிறார்கள். அந்தச் சொட்டைத் தவறவிடாதீர்கள். ஆனால் நீங்களாகக் கடையில் வாங்கி அளவில்லாமல் கொடுக்கவும் வேண்டாம். ஈரலில் சேர்ந்து கெடுதல் செய்யும். கீரைக்கும் பழத்துக்கும் அந்தப் பயம் இல்லை; உடம்பு தனக்கு வேண்டிய அளவுதான் வெட்டிக்கொள்ளும்.

விஞ்ஞானிகள் இன்னொரு வழியும் பார்த்தார்கள். நெல் செடியின் இலையில் சாய ஜீன்கள் வேலை செய்கின்றன. அரிசியில் வேலை செய்வதில்லை. 1990ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஒரு மஞ்சள் பாக்டீரியாவின் சாய ஜீன்களை எடுத்து, நிறமற்ற வேறொரு பாக்டீரியாவுக்குக் கொடுத்து அதையும் சாயம் செய்ய வைத்திருந்தார்கள். 2000ல் பொட்ரிகஸ், பேயர் என்ற இருவரின் குழுவினர் அந்த மஞ்சள் பாக்டீரியாவின் ஒற்றை ஆள் நொதிக்கு உரிய ஜீனை நெல்லில் புகுத்தினார்கள். நால்வர் வேலையை ஒருவரே முடித்துவிடுவார் என்பதால்தான் அந்தத் தேர்வு. டாஃபோடில் என்ற மஞ்சள் பூவின் ஜீனும் கூடச் சேர்ந்தது. அரிசி பொன்னிறமாயிற்று. அசுவினி என்றோ செய்த காரியத்தை மனிதர் ஆய்வகத்தில் செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரிசியைப் பற்றிய வழக்கு இன்னும் ஓயவில்லை. பிலிப்பைன்ஸ் நாடு 2021ல் பயிரிட அனுமதித்தது. 2024ல் அந்நாட்டு நீதிமன்றம் ஒன்று அதை நிறுத்தி வைத்தது. நம் வயல்களில் அது பயிராகவில்லை.

நம் வாசலில் முருங்கை நிற்கிறது. காசு கொடுக்க வேண்டாத கரோட்டீன். ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும்: இந்தச் சாயம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. வெறும் தண்ணீரில் வேகவைத்துக் கொடுத்தால் குழந்தையின் உடம்பில் சரியாக ஒட்டாது. ஒரு கரண்டி எண்ணெய் விட்டு வதக்குங்கள். பாட்டிமார்கள் காரணம் சொல்லாமல் செய்த காரியம் இது.

இதையெல்லாம் பேத்தியிடம் சொல்லி முடிக்கிறபோது இறால் தட்டுக்கு வந்துவிட்டது. அவள் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ எண்ணூர்ல பாசி இல்லாட்டா இறால் சிவக்காதா, தாத்தா?"

பாசி இல்லாவிட்டால் இறாலே இராது, சிவப்புக்கு எங்கே போக! 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள்ளேயே வந்து படிந்தது. படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடாக்களின் வெள்ளை இறகும் கறுத்தது. கண்ணுக்குத் தெரிந்த கறுப்பு அது. அதற்கு அடியில், கோடிக்கணக்கான வருஷங்களாகக் கைமாறி வந்த குறிப்பை வைத்துக்கொண்டு வேலை செய்யும் பாசிக்கு வெளிச்சம் தடைப்பட்டதை யார் படம் எடுத்தார்கள்? சாம்பலும் எண்ணெயும் கழிமுகத்தில் விழும்போது மீன்காரர் வீட்டு அடுப்போடு நஷ்டம் நின்றுவிடுவதில்லை. எல்லோருக்கும் கடன் கொடுத்துவந்த பழைய கடைக்காரரின் கடையே மூடப்படுகிறது.

இதைப் பேத்திக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் குரல் கேட்டது. திருவொற்றியூரிலிருந்து என் தம்பி வந்திருந்தான். எழுபதைத் தாண்டிவிட்டான். இறால் வாசனை பிடித்து வந்தானோ, என்னவோ!

"தாத்தா, சின்னத் தாத்தாவுக்கு இப்போ ராத்திரியில கண்ணு தெரியுமா?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

"நன்றாகத் தெரியும்" என்றேன். "இருட்டில், தேரடிக் கூட்டத்தில், நான் எந்தப் பக்கம் ஒளிந்துகொண்டாலும் கண்டுபிடித்துக் கைமாற்றுக் கேட்டுவிடுவான்."

அவள் தட்டோரமாக ஒதுக்கி வைத்திருந்த முருங்கைக் கீரைப் பொரியலை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் அதைச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்துகொண்டாள்.